பூசை யாருக்கு?

(ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, கவிஞர் என்று சொல்லி என்னை மேடையேற்றிவிட்டார்கள். பகலெல்லாம் நான் வங்கியில் கூண்டுக்குள்ளே உட்கார்ந்து அடுத்தவங்க பணத்தை எண்ணுகிற எழுத்தர். சாயங்காலம் கணக்கு நேராகலைன்னா அங்கே வீட்டுக்குக் கிளம்ப முடியாது. கோயிலில் (எங்க பக்கம் சர்ச்சைக் கோயில்னுதான் சொல்வோம்) அந்தத் தொல்லை கிடையாது. எவ்வளவு குறைஞ்சாலும் ஆமென் சொல்லிக் கதவைச் சாத்திவிடலாம்.

வழிபாட்டின் உண்மையான நோக்கம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். கடவுளை மகிமைப்படுத்துவது என்று குருமடத்தில் படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு இறையியல் தெரியாது. எங்க ஆயாவைத் தெரியும்.

கோயில் ஊர்த்தெருவில் இருந்தது. எங்களுக்கு இடதுபக்கச் சிறகு. நன்மை வாங்க ஊர்த்தெருக்காரங்க போய்த் திரும்பிய பிறகுதான் எங்க வரிசை நகரும். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணி குடிக்காமல் நிற்பாள் ஆயா. நான் முணுமுணுத்தால், "கடைசியா வாங்குனாலும் அதே சாமிதானடா" என்பாள். சின்ன வயசில் அதை நம்பினேன்.

அவள் செத்தபோது பெட்டியைப் பெரியதெரு வழியாகக் கோயிலுக்குக் கொண்டுபோக அப்பா கேட்டார். ஊர்த்தெருவில் விடமாட்டோம் என்றார்கள். சாமியார் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பிரச்சினை வேணாம்பா, சேரிச் சிற்றாலயத்திலேயே மந்திரிச்சிடுறேன்" என்றார். நல்ல மனுசர்தான், அதுதான் வேதனை. அறுபது வருசம் நன்மை வாங்கினவளுக்கு அந்தக் கோயில் வாசப்படி கிடைக்கவில்லை. அன்றைக்கு நான் கோயிலை விட்டேன். ஏழு வருசம் போகவில்லை.

இது எங்க ஊர்க் கதை மட்டுமில்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்துச் சுவரே நின்றது. 1910இல் அதை இடித்தபோது பிள்ளைமார், முதலியார் வகையறா பிரிவினை எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டு, சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். ஒன்று கவனிக்கணும். அந்தச் சுவர் பிரதானமாக அவர்களையும் நாடார்களையும் பிரித்த சுவர். அந்தச் சண்டையில் நம்ம ஆட்களுக்கு எந்தப் பக்கம் இடம் என்று கேட்க ஆளில்லை.

அதற்கும் முன்னால், 1833இல், கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு போகணும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூர்ப் பக்கம் ஆதிக்கசாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். கலந்து உட்காருவதை எதிர்த்து எழுதியவர்களில் பெரிய கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரும் உண்டு. அவர் பாட்டுகளை இன்றைக்கும் உருகிப் பாடுகிறோம். பாட்டு எழுதுகிறவன் என்ற முறையில் இது என்னைத் தூங்கவிடாத விஷயம். அவ்வளவு பக்தி, பக்கத்தில் உட்காருகிறவனைத் தாங்கவில்லையே!

இனி வேதத்துக்கு வருவோம். கொரிந்து பட்டணத்துச் சபையில் திருவிருந்து என்பது நிஜமான சாப்பாடு. வசதியானவர்கள் முந்திக்கொண்டு தின்று குடித்து மயங்கிக் கிடப்பார்கள். இல்லாதப்பட்டவர்கள் பட்டினி. பவுல் எழுதுகிறார்: நீங்கள் சாப்பிடுவது ஆண்டவருடைய விருந்தே இல்லை. பாட்டு சரியில்லை, மந்திரம் பிசகு என்று அவர் குறைசொல்லவில்லை. பந்தி சரியில்லை என்றார். இந்தக் கடிதத்தை நம் கோயில்களில் வாசிக்கிறார்கள். வாசித்துவிட்டு அப்புறம் தனித்தனி வரிசை!

இயேசுவும் காணிக்கையைப் பீடத்து முன்னாலேயே வைத்துவிட்டுப் போய், உன்மேல் மனத்தாங்கல் உள்ளவனோடு ஒப்புரவாகிவிட்டு வா என்றார். இதில் யார் போகணும்? மனத்தாங்கல் நமக்கு. நடக்கவேண்டியவர்கள் அவர்கள். நம்மைப் பார்த்தே மன்னியுங்கள், மன்னியுங்கள் என்று பிரசங்கம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கோயிலில் இப்படி. அரசாங்கத்தில், 1950 ஆணை நம்மைப் பட்டியலுக்கு வெளியே வைத்தது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரை. நாம் இன்னும் வெளியேதான். கிறித்தவத்தில் சாதி இல்லையாம்! அதைச் சொன்னவர்கள் எங்க ஊர்க் கல்லறைக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

பின்னே ஏன் திரும்பப் போனாய் என்று தோழர்கள் கேட்கிறார்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன், நாட்டுப்புற மெட்டில் வழிபாடு அமைத்தார். ஒரே உலையில் பொங்கி எல்லாரும் சேர்ந்து தின்பதைத்தான் நற்கருணையின் உள்ளடக்கம் என்றார். அதைக் கேட்ட பிறகு எங்க தெருவில் மாசம் ஒருநாள் ஆளுக்கொரு படி அரிசி போட்டுப் பொங்குகிறோம். பறையடித்து ஜெபம். முதல் கவளம் குழந்தைகளுக்கு. ஊர்த்தெருவிலிருந்து இரண்டு பையன்கள் வந்து சாப்பிட்டுப் போனார்கள். ஒருத்தனுக்கு வீட்டில் அடி விழுந்ததாம். இதைப் பெரிசுபடுத்தவில்லை, இரண்டே பேர்.

அடுத்த மாசம் என் மகளுக்குப் புதுநன்மை. வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது. சாமியாரிடம் போய், பிள்ளைகளை உயரவரிசைப்படி நிறுத்துங்க, தெருவரிசைப்படி வேணாம் என்று சொன்னேன். என் பிள்ளை குள்ளம், அப்படி நின்றால் முதல் ஆள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாக்கலாம்பா" என்றார்.

கவுனைப் போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குள் நடந்து பழகுகிறாள்.