ஒரு நிமிஷ ஸ்கேனும் ஒரு இரவுப் பிரயாணமும்
(பங்காளர் கூடுகையில் அளித்த செய்தி)



சென்ற கூடுகையில் ஒரு தாயார் எழுந்து, "உடம்பு முழுவதையும் ஒரே நிமிஷத்தில் படம் எடுக்கிற மெஷின் வந்துவிட்டதாமே, நம் ஆஸ்பத்திரிக்கு வாங்கக்கூடாதா?" என்று கேட்டார்கள். அன்று நேரமில்லாமல் போயிற்று. இன்று பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

அவர்கள் கேள்விப்பட்டது உண்மைதான். புற்றுநோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று காண பெட் ஸ்கேன் எடுக்கிறார்கள். சிறிதளவு கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை மருந்தை ஊசியில் போடுவார்கள். பெரும்பாலான புற்றுக்கட்டிகள் சர்க்கரையை அதிகமாய் இழுத்துக்கொள்ளும். அங்கிருந்து வரும் கதிர்களை வளையம் போன்ற கருவி பிடித்துப் படமாக்கும். வழக்கமான கருவியில் அந்த வளையத்தின் அகலம் ஏறக்குறைய ஒரு சாண். ஆகவே கட்டிலைக் கொஞ்சங்கொஞ்சமாய் நகர்த்தி முழு உடம்பையும் எடுக்க 15, 20 நிமிஷம் ஆகும்.

சுகமுள்ள நமக்கு அது பெரிதல்ல. முதுகெலும்பில் புற்று பரவினவரோ, கைகளைத் தலைக்குமேல் வைத்து மல்லாந்து அசையாமல் கிடக்கவேண்டும். அசைந்தால் படம் கலங்கிவிடும். சிறு பிள்ளைகளுக்கு மயக்க மருந்தே கொடுக்கவேண்டி வருகிறது.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் சைமன் செர்ரி, ராம்சே பதாவி ஆகியோரின் முயற்சியால் உருவான 'எக்ஸ்ப்ளோரர்' கருவியின் வளையம் 194 சென்டிமீட்டர் நீளம். 2018இல் அதன் முதல் மனிதப் படங்கள் வெளியாயின. தலைமுதல் கால்வரை ஒரே சமயத்தில் கதிர்களைப் பிடிப்பதால், ஒரு நிமிஷத்திலும் படம் கிடைக்கும். நேரத்தைக் குறைக்காமல் மருந்தின் அளவைக் குறைக்கவும் செய்யலாம். பிள்ளைகளைப் பொறுத்தவரை இதுவே எங்களுக்கு மேலான நன்மையாகத் தோன்றுகிறது.

ஆனாலும் அதை நாம் வாங்குவதற்கில்லை. விலை ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மருந்தை சைக்ளோட்ரான் என்ற இயந்திரத்தில்தான் தயாரிக்கிறார்கள். 110 நிமிஷத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். பட்டணத்திலிருந்து நம் ஊர் வந்து சேருமுன் பெரும்பகுதி வீணாகும். மேலும், ஊசி போட்டபின் சுமார் ஒரு மணி நேரம் பேசாமல் அமர்ந்திருக்கவேண்டும். வேகமான மெஷின் வந்தாலும் வழக்கமான பரிசோதனையில் அந்தக் காத்திருப்பு அப்படியே இருக்கிறது.

எங்கள் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். நீரிழிவுள்ள ஒரு தகப்பனாரை ஸ்கேனுக்காகப் பட்டணத்துக்கு அனுப்பினோம். இரவெல்லாம் பஸ்ஸில், முதுகுவலியோடு போனார். இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தபடியால் ஸ்கேன் எடுக்காமல் திருப்பி அனுப்பினார்கள். எப்போது சாப்பிடுவது, மாத்திரையை என்ன செய்வது என்று நாங்கள் தெளிவாய்ச் சொல்லியனுப்பவில்லை. மறுமுறை நம் நர்ஸ் ஒருவர் கூடவே போனார், ஸ்கேன் முடிந்தது. இடையில் கழிந்த நாட்களை அவருக்குத் திருப்பித்தர எங்களால் கூடவில்லை.

ஆகையால் அந்தத் தாயாருக்கு எங்கள் பதில் இது: மெஷினுக்கென்று நீங்கள் எடுத்துவைத்த காணிக்கையை, நோயாளி படுத்தபடியே போகத்தக்க ஒரு வேனுக்கும், கூடப்போகிற நர்ஸின் செலவுக்கும் கொடுக்க மனதிருக்குமா? சம்மதமானால் காணிக்கைக் கவரின்மேல் 'பிரயாண நிதி' என்று எழுதுங்கள். அந்தத் தகப்பனார் இப்போது கதிர்வீச்சு சிகிச்சையில் இருக்கிறார். அவருக்காகவும் அவர் மனைவிக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.