காசியில் பாங்கு, காசிமேட்டில் கைது

(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



விழா மேடையில் கஞ்சாவைப் பற்றிய பேச்சா என்று சிலர் எண்ணக்கூடும். இல்லறத்தார் விலக்க வேண்டிய ஏழு தீவழக்கங்களுள் மதுவும் ஒன்று என்பது இங்குள்ள சிறுவரும் அறிந்ததே. திருவள்ளுவர் புலால் மறுத்தலைத் துறவறவியலில் வைத்தார்; கள்ளுண்ணாமையையோ பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே வைத்தார். போதையைத் தனிமனித நோன்பாக மட்டும் கருதாமல், நாட்டின் பொருளையும் ஆட்சியையும் சார்ந்ததாக அவர் கருதினார் என்று அந்த வைப்புமுறைக்குப் பொருள் கொள்ளலாம். கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கலாமா என்று இன்று உலகெங்கும் எழும் வினாவையும் அக்கோணத்தில் நோக்குவதே தகும்.

முதலில் நம் நாட்டுச் சட்டம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதியையே கஞ்சா என்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அச்சொல்லுக்குள் அடங்கா. ஆகவேதான் இலையை அரைத்துச் செய்யும் பாங்கு, காசியிலும் ஜெய்சல்மேரிலும் அரசு அனுமதி பெற்ற கடைகளில் விற்பனையாகிறது. எய்ம்ஸ் மருத்துவர்கள் மைய அரசுக்காக நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பின்படி, நாட்டில் பாங்கு உட்கொள்வோர் ஏறத்தாழ 2.2 கோடி, கஞ்சாவோ சரசோ புகைப்போர் 1.3 கோடி. ஒரே செடிதான். காசியில் அது பண்டிகைப் பானம். காசிமேட்டில் கைதுக்குக் காரணம்.

இக்குழப்பம் புதியதன்று. 1893இல் ஆங்கில அரசு கஞ்சாவை ஆராய ஓர் ஆணையம் அமைத்தது. அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, மறு ஆண்டு பல தொகுதிகளாக அறிக்கை அளித்தது. அதில் ஊன்றிப் படிக்கத்தக்க பகுதி மனநோய் மருத்துவமனைப் பதிவேடுகளைப் பற்றியது. நோயின் காரணம் என்ற பத்தியில் கஞ்சா என்று வரிசையாக எழுதப்பட்டிருந்தது. ஆணையத்தார் ஒவ்வொன்றாகத் துருவிப் பார்த்தபோது, நோயாளியை அழைத்து வந்தவர்கள் விசாரிக்காமலே எழுதி அனுப்பிய காரணம் அது என்பது பலவற்றில் வெளிப்பட்டது. அளவோடு கொள்வோர்க்குப் பெருங்கேடு இல்லை, மிகையாகக் கொள்வோர்க்குக் கேடு உண்டு, முழுத்தடையைவிட வரியும் கட்டுப்பாடுமே ஏற்றவை என்று ஆணையம் முடிவு கூறியது. கலால் வருவாயை விரும்பிய அரசுக்கு அம்முடிவு இனித்திருக்கும் என்பதையும் மறத்தலாகாது. சென்னை மாகாணமோ வேறு வழியில் சென்றது. இராஜாஜி அமைச்சரவை 1937இல் கொணர்ந்த மதுவிலக்குச் சட்டம் மதுவோடு போதைப்பொருள்களையும் தன்னுள் அடக்கியது.

இனி வடசென்னைக்கு வருவோம். ஆந்திரத்திலிருந்து சென்னைக்கு வரும் இரயில் பாதை கும்மிடிப்பூண்டி, எண்ணூர், திருவொற்றியூர் வழியாகவே நகருக்குள் நுழைகிறது. கஞ்சாப் பொட்டலங்களும் பெரும்பாலும் வடக்கிலிருந்தே வருகின்றன. 2021 டிசம்பரில் ‘கஞ்சா வேட்டை’ என்ற பெயரில் தமிழகக் காவல்துறை பெருஞ்சோதனை தொடங்கியது. 2022இல் அதன் இரண்டாம் கட்டமும் நடந்தது. வலையில் பெரிய மீனும் சிக்கியது, நெத்திலியும் சிக்கியது.

இப்பகுதியில் இளைஞரின் நாள் எவ்வாறு கழிகிறது? துறைமுகத்திற்குள் நுழைய எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் மணிக்கணக்காய் நிற்கின்றன. ஓட்டுநரும் உதவியாளரும் உறங்கவும் இயலாமல் விழித்திருக்கவும் இயலாமல் வண்டிக்குள் கிடக்கின்றனர். விசைப்படகில் சென்றவர் பல நாள் கழித்துக் கரையேறிக் கையில் ஒருசேரப் பணம் பெறுகின்றனர். ஆலைகளில் தந்தையர் பெற்றிருந்த நிலையான வேலை, மைந்தருக்கு ஒப்பந்தக் கூலியாய்ச் சுருங்கியுள்ளது. சமூகம் காட்டும் குறிக்கோளுக்கும் அதை அடையத் தரும் வழிக்கும் இடையே உள்ள இவ்விடைவெளியைத்தான் அமெரிக்கச் சமூகவியலறிஞர் இராபர்ட் மெர்ட்டன் 1938இல் எழுதிய கட்டுரையில் சுட்டினார்.

மற்றோர் அறிஞர் ஹோவர்ட் பெக்கர். இவர் இசைக்குழுக்களில் பியானோ வாசித்தவர். ஆதலால் புகைப்போரை அருகிருந்து அறிந்தவர். கஞ்சாப் பழக்கம் கற்றுக்கொள்ளப்படுவது என்று 1953இல் எழுதினார். புகைக்கும் முறையை, அதன் விளைவை உணரும் முறையை, அவ்வுணர்வை இன்பமெனக் கொள்ளும் முறையைத் தோழரே கற்பிக்கின்றனர். தெருமுனை நட்பைக் கண்ட எந்தத் தாய்க்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. பெக்கரின் அடுத்த கருத்து இன்னும் கூர்மையானது: ‘குற்றவாளி’ என்ற பெயரைச் சமூகம் ஒருவனுக்குச் சூட்டியபின், அப்பெயருக்கேற்ற வாழ்க்கைக்கே அவன் தள்ளப்படுகிறான். ஒருமுறை பிடிபட்ட இளைஞனுக்குக் காவல்துறை நற்சான்று கேட்கும் வேலை எட்டாததாகிறது. எஞ்சி நிற்பது பொட்டலம் விற்பவன் தரும் வேலையே.

அப்படியாயின் கடை திறந்து விற்கலாமா? அதற்கு விடை தேட அயல்நாடு செல்ல வேண்டுவதில்லை. தமிழகத்தில் மதுவிலக்கு 1971இல் நீங்கி, 1974இல் திரும்பி, பின் மீண்டும் நீங்கியது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24இல் மதுவால் அரசு பெற்ற வருவாய் ரூ.45,000 கோடிக்கு மேல். இவ்வளவு பெரிய வருவாயை விட எந்த அரசுக்கு மனம் வரும்? கள்ளச்சாராயமும் ஒழிந்தபாடில்லை, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாய்லாந்து 2022இல் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கி, கடைகள் பெருகக் கண்டு, 2025இல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று திரும்பியது. கனடாவில் 2018க்குப் பின் கைதுகள் குறைந்தன. மிட்டாய் வடிவக் கஞ்சாவை அறியாமல் தின்று மருத்துவமனை சேரும் குழந்தைகள் மிகுந்தனர்.

போர்ச்சுகல் 2001 முதல் இடைவழியில் நடக்கிறது. அங்கு விற்பனை குற்றம். தன் தேவைக்குச் சிறிதளவு வைத்திருப்பவன் சிறைக்குப் போவதில்லை, ஆலோசனைக் குழுவின் முன் போகிறான். இக்கூட்டத்தில் பலருக்கு வியப்பாக இருக்கலாம்: அவ்வழியின் ஒரு கதவு இந்தியச் சட்டத்திலேயே உள்ளது. கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிதளவு எனப்படும். அவ்வழக்கில் சிக்கிய அடிமைநோயாளி, அரசு நடத்தும் அல்லது ஏற்கும் மருத்துவமனையில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால், 64அ பிரிவின்படி வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முடிக்காவிட்டால் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். 39ஆம் பிரிவோ, தண்டனைக்கு மாற்றாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது.

அக்கதவைத் தட்டுவோர் அரியர். பிள்ளையின் பழக்கம் அண்டை வீட்டுக்குத் தெரியக்கூடாதென்று பெற்றோர் மறைக்கின்றனர். தங்கை திருமணம் முடியட்டும் என்று நாள் கடத்துகின்றனர். அதற்குள் வலிநிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் வந்துவிடுகிறது. அது கஞ்சாவினும் கொடியது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை தொலைவில் இல்லை. 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலும் ஆலோசனை கேட்கலாம்.

இன்னொன்று, இங்கு அமர்ந்திருக்கும் வணிகப் பெருமக்களுக்கு. சௌகார்பேட்டைக் கடைகளிலும் மணலிக் கிடங்குகளிலும் சுமை ஏற்றுவோர் இராயபுரத்து, திருவொற்றியூர்ப் பிள்ளைகளே. சிகிச்சைக்காகச் சில வாரம் விடுப்புக் கேட்கும் பையனை உடனே கணக்கு முடித்து அனுப்புவதே இன்றைய வழக்கம். அவன் திரும்பி வரும்வரை இடத்தை வைத்திருக்கச் சட்டத்திருத்தம் எதுவும் வேண்டா. முதலாளியின் ஒரு சொல் போதும்.