என்னுடையது என்று எப்படிச் சொல்வது?

(நெய்வேலியில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் வகுப்பில் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அப்பாவின் கைபேசியில் விரலாலேயே படம் வரைவாள். இரவில் சுரங்கத்தில் விளக்குகளோடு நிற்கும் ராட்சதச் சக்கர இயந்திரத்தை ஒருமுறை வரைந்தாள். அந்த இயந்திரத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், அவளைப் போல யாரும் பார்த்ததில்லை என்று தோன்றும் படம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பத்தே நாளில் வேறொருவர் பெயரோடு, பொங்கல் வாழ்த்தாக அவளுக்கே திரும்பி வந்தது.

அழவில்லை. நேராக என்னிடம் வந்து, "டீச்சர், என்.எஃப்.டி. எடுத்துட்டா இது என்னுதுன்னு நிரூபிச்சுடலாமாமே? சில ஆயிரம் ஆகும்னு அண்ணன் சொல்றான். அம்மா சீட்டுப் பணத்துல தர்றேங்கறாங்க" என்றாள். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். அந்த இரண்டு நாளிலும் அதற்குப் பிறகும் நான் படித்ததைத்தான் இன்று பகிர்ந்துகொள்கிறேன்.

எனக்கும் இதில் சொந்தக் காயம் உண்டு. 2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது எட்டாம் வகுப்பு அறிவியலுக்குப் பதினான்கு பக்கப் பணித்தாள் தயாரித்து, படமெல்லாம் கையால் வரைந்து அனுப்பினேன். சில மாதம் கழித்து ஒவ்வொரு பக்கத்திலும் வேறொருவர் பெயரும் கைபேசி எண்ணும் ஏறி அது எனக்கே வந்தது. அழைத்துக் கேட்டால், "நீங்கதான் போட்டீங்கன்னு என்ன ஆதாரம்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. இங்கே தலையசைப்பவர்களைப் பார்த்தால், இது என் ஒருத்தியின் கதை மட்டுமல்ல என்று தெரிகிறது.

என்.எஃப்.டி. என்பதை நமக்குத் தெரிந்த ஒன்றை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒரு மனை வாங்கினால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம். இந்தச் சர்வே எண்ணில் உள்ள இடம் யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில் கைமாறியது என்று வரிசையாக அதில் இருக்கும். நிலத்துக்குச் சர்வே எண் இருப்பதுபோல ஒரு படத்துக்கோ, பாட்டுக்கோ, நுழைவுச்சீட்டுக்கோ வேறு எதற்கும் இல்லாத தனி எண் ஒன்றைக் கொடுத்து, அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொதுப் பதிவேட்டில் எழுதிவைப்பதுதான் என்.எஃப்.டி. ஒரு நூறு ரூபாய் நோட்டுக்குப் பதில் இன்னொரு நூறு ரூபாய் நோட்டை வாங்கிக்கொள்ளலாம். என் மதிப்பெண் சான்றுக்குப் பதில் உங்கள் சான்றை நான் வாங்கிக்கொள்ள முடியாது. அந்த ‘மாற்றிக்கொள்ள முடியாத’ தன்மைதான் அதன் பெயரிலும் இருக்கிறது.

அந்தப் பொதுப் பதிவேட்டின் பெயர் பிளாக்செயின். பிளாக் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு வீட்டு முகவரிதான் நினைவுக்கு வரும். அதை மறந்துவிட்டு பள்ளி ரொக்கப் பதிவேட்டை நினையுங்கள். ஒவ்வொரு பக்கமும் முன்பக்கத்து இருப்போடுதான் தொடங்கும். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு தொகையைத் திருத்தினால் அதற்குப் பிந்திய எல்லாப் பக்கத்தையும் திருத்த வேண்டும். அதே பதிவேட்டின் நகல் நாற்பது பேரிடம் இருந்தால்? நாற்பது வீட்டுக்கும் போய்த் திருத்த வேண்டும். இவ்வளவுதான் அதன் பலம்.

பக்கங்களைக் கோக்கும் நூல், ஹாஷ் என்ற கணக்கு. எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும், எஸ்.எச்.ஏ.-256 என்ற முறையில் அதிலிருந்து 64 எழுத்தும் எண்ணும் கொண்ட கைரேகை ஒன்று கிடைக்கும். கோப்பில் ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்தாலும் அந்தக் கைரேகை முழுக்க மாறிவிடும். கணினி அறையில் மாணவர்களுக்குச் செய்து காட்டினேன். மாயாஜாலம் பார்த்ததுபோல் வாய்பிளந்தார்கள்.

இனி அந்தப் பெண்ணின் கேள்வி. நான் ‘எடு’ என்று சொல்லவில்லை.

காரணம், பதிவேடு உண்மையை அறியாது. முதலில் வந்து பதிந்தவர் யார் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் போலிப் பத்திரம் பதிவாகிவிட்டால், பதிந்த ஒரே காரணத்தால் நிலம் அவருடையதாகிவிடுமா? ஓப்பன்சீ என்ற பெரிய என்.எஃப்.டி. சந்தை 2022 ஜனவரியில் ஒரு கணக்குச் சொன்னது. அதன் இலவசக் கருவியில் உருவாக்கப்பட்டவற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருட்டுப் பிரதியோ, போலியோ, குப்பையோதான். அவள் படத்தை எடுத்தவரே அவளுக்கு முன் போய்ப் பதிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

இன்னொன்று, என்.எஃப்.டி. வாங்கியவருக்குப் படத்தின் பதிப்புரிமை தானாக வந்துவிடாது. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருபது வருடம் இருந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஒதுக்கீட்டு ஆணையில் உங்கள் பெயர், கதவு எண் எல்லாம் இருக்கும். ஓய்வு பெறும் நாளில் சாவியைக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். தாளில் பெயர் இருப்பதும் வீடு நம்முடையதாக இருப்பதும் ஒன்றல்ல. பல நேரங்களில் அந்தப் பதிவேட்டில் படம்கூட இருக்காது, படம் இருக்கும் இடத்துக்கான முகவரி மட்டும் இருக்கும். எஃப்.டி.எக்ஸ். என்ற நிறுவனம் 2022இல் திவாலானபோது, அதனிடம் வாங்கியவர்கள் பலருக்குப் படம் இருந்த இடம் வெற்றிடமாகிப்போனது.

விலையைக் கேட்டுத்தான் பலரும் மயங்கினார்கள். 2021 மார்ச்சில் பீப்பிள் என்ற ஓவியரின் படம் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 6.9 கோடி டாலருக்குப் போனது. அதே மாதம், ட்விட்டரின் முதல் பதிவு 29 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதை வாங்கியவர் மறு ஆண்டு 4.8 கோடி டாலர் கேட்டு ஏலம் விட்டபோது, வந்த அதிகபட்சக் கேட்பே சில நூறு டாலர்தான். நம் நாட்டில் 2022 முதல் இதில் வரும் லாபத்துக்கு 30 விழுக்காடு வரியும் உண்டு. சீட்டுப் பணத்தை இதில் போட நான் எப்படிச் சொல்வேன்?

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோண்டிய நிலத்திலிருந்து மின்சாரம் வருவதைக் கண்ணால் பார்க்கும் ஊர் நம்முடையது. பெரும்பாலான என்.எஃப்.டி.கள் இருந்த எத்தேரியம் பதிவேடு, ஒரு நாடு அளவுக்கு மின்சாரம் தின்றுகொண்டிருந்தது. 2022 செப்டம்பரில் முறையை மாற்றி அதை 99 விழுக்காட்டுக்கு மேல் குறைத்துவிட்டார்கள். அந்தக் குறை இப்போது பெரிதாக இல்லை.

அப்படியானால் இந்த நுட்பமே வீணா என்றால், அதுவும் இல்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலை நம் மாவட்டத்தில் யார் மறக்க முடியும்? ஓடு பறந்து, தகரப் பெட்டிக்குள் ஊறிப்போன மதிப்பெண் சான்றோடு மாணவர்கள் வந்து நின்றார்கள். நகல் வாங்க அலைந்ததில் ஒரு பையனுக்கு ஐ.டி.ஐ. சேர்க்கையே தவறிப்போனது. ‘இது என்னுடையது’ என்று நிரூபிப்பது படம் வரைபவர்களுக்கு மட்டுமான பிரச்சினை அல்ல. 2015இல் வந்த டிஜிலாக்கரில் உள்ள ஆவணம் அசலுக்கு இணையானது என்று 2017இல் விதியே வந்துவிட்டது. அது பிளாக்செயின் அல்ல, வழங்கிய துறையின் மின் கையொப்பத்தை நம்பி இயங்குவது. தமிழ்நாடு 2020லேயே பிளாக்செயினுக்கென்று கொள்கை வெளியிட்டது. மின் ஆளுமை முகமையின் ‘நம்பிக்கை இணையம்’, சான்றுகளை வைத்துக்கொள்ளும் ‘இ-பெட்டகம்’ செயலி இரண்டும் அந்த வழியில் வந்தவை. விற்க முடியாத, ஆனால் நம் பெயரில் மட்டும் இருக்கும் சான்று. என் கணிப்பில், ஏலக்கடைப் படங்களைவிட நம் பிள்ளைகளுக்கு உதவப்போவது இதுதான்.

சரி, அந்தப் பெண் என்ன செய்தாள்? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரைந்து முடித்த கணத்திலேயே உரிமை அவளுக்கு வந்துவிட்டது. பதிவு கட்டாயமில்லை. வேண்டுமானால் ஓவியத்தைப் பதிய 500 ரூபாய்தான் கட்டணம். (நாம் பணியின் பகுதியாக உருவாக்கும் பணித்தாளுக்கு உரிமையாளர் யார் என்பதைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் பாருங்கள், நமக்குச் சற்றுக் கசக்கும். ஆனால் ஆக்கியவர் நான் என்று சொல்லும் உரிமையை 57ஆம் பிரிவு விட்டுவைத்திருக்கிறது.) ஆதாரம் எங்கே என்று கேட்டேன். கைபேசியைத் திறந்தாள். வரைந்த செயலியில் கோடு தனி, வண்ணம் தனி, விளக்கொளி தனி என்று பதினோரு அடுக்குகள், தேதியோடு அப்படியே இருந்தன. திருடியவரிடம் தட்டையான ஒரே ஒரு படம்தான் இருக்க முடியும். அந்த அடுக்குகளைப் படமெடுத்து அவள் அப்பா அனுப்பினார். மறுநாள் வாழ்த்து நீக்கப்பட்டிருந்தது. மன்னிப்பு ஏதும் வரவில்லை.

அதிலிருந்து நானும் மூலக் கோப்பை அழிப்பதில்லை. வெளியே அனுப்பும் முன் எனக்கே மின்னஞ்சலில் ஒரு நகல் அனுப்பிவிடுகிறேன். பணித்தாளின் அடியில், பெயரைக் குறிப்பிட்டு யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி சேர்க்கிறேன். அவளும் இப்போது படத்தின் மூலையில், இயந்திரத்தின் பல்சக்கரத்துக்குள் தன் பெயரை எழுதிவிடுகிறாள். சொன்னால்தான் கண்ணுக்குத் தெரியும்.

மதிய உணவுக்குப் பிறகு கணினி அறையில் சந்திப்போம். நீங்கள் தயாரித்த பழைய பணித்தாள் ஏதேனும் கைபேசியில் இருந்தால் எடுத்து வையுங்கள். அதன் 64 எழுத்துக் கைரேகையைச் சேர்ந்தே எடுத்துப் பார்க்கலாம்.