பெண் தாண்டினால் குடி முழுகிப் போகுமா?

(சங்கரன்கோவிலில் நடந்த கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்ட விஷயம் பெண்களும் தேகப் பயிற்சியும் என்பதாகும். இதைப் பொதுவில் பேசினால் எல்லோரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பழையபடியே இருப்பீர்கள். ஆகவே ஒரே ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு பேசுகிறோம். அதற்கு மும்முறைத் தாண்டல் என்று பெயர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ட்ரிபிள் ஜம்ப் என்பார்கள்.

அது என்னவென்றால், ஓடி வந்து ஒரு பலகையில் ஒற்றைக் காலை ஊன்றி எழும்பி, அதே காலில் இறங்கி, உடனே எழும்பி மறு காலில் இறங்கி, மூன்றாம் முறை எழும்பி மணலில் போய் விழ வேண்டும். பலகையிலிருந்து மணலில் உடம்பு பட்ட இடம் வரை அளப்பார்கள். இவ்வளவுதான். நம் வீட்டுப் பெண் குழந்தைகள் தெருவில் கட்டம் கிழித்துச் சில்லு எறிந்து நொண்டித் தாவுகிற பாண்டி ஆட்டத்திற்கு இது அக்காள் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டு ஆண்களுக்கு எப்பொழுது கிடைத்தது? 1896ஆம் வருஷம் ஏதென்ஸ் பட்டணத்தில் இக்கால ஒலிம்பிக் பந்தயம் முதன் முதல் நடந்தபோதே கிடைத்தது. அந்தப் பந்தயங்களில் முதல் வெற்றி பெற்றவரே இதில் தாண்டிய ஜேம்ஸ் கானலி என்ற அமெரிக்கர்தான். அவர் தாண்டிய தூரம் 13.71 மீட்டர். சரி, பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இது எப்பொழுது கிடைத்தது? 1996இல்! முழுசாக நூறு வருஷம், தோழர்களே!

இவ்வளவு காலம் பெண்களைத் தடுத்து வைக்கச் சொல்லப்பட்ட காரணம் என்ன? "பெண் உடம்பு தாங்காது, கர்ப்பப்பை இடம் பெயர்ந்துவிடும், பிள்ளைப்பேறு கெட்டுவிடும்" என்பதுதான். ஓட்டத்திலும் இதே கதை நடந்தது. 1928இல் பெண்களை 800 மீட்டர் ஓடவிட்டார்கள். ஓடி முடித்தவர்கள் களைத்துப் போனதைப் பெரிதாக்கிக் கூச்சல் போட்டு, 1960 வரை அந்த ஓட்டத்தையே பெண்களுக்கு இல்லாமல் செய்துவிட்டார்கள். ஓடிக் களைத்த ஆணைப் பார்த்து வீரன் என்பது, ஓடிக் களைத்த பெண்ணைப் பார்த்து இது ஆகாது என்பது. இது என்ன நியாயம்? நம்மூரில் சாஸ்திரத்தின் பேரால் சொல்லப்பட்டதை அங்கே வைத்தியத்தின் பேரால் சொன்னார்கள். சட்டை வேறு, ஆசாமி ஒன்று.

கர்ப்பப்பை என்பது காற்றடித்தால் அறுந்து விழுகிற சுரைக்காய் அல்ல. இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளே தசைகளாலும் நார்களாலும் தாங்கப்பட்டுப் பத்திரமாக இருப்பது. தாண்டினால் அடிபடக்கூடியவை கணுக்காலும் முழங்காலும். அவை ஆணுக்கும் அடிபடும். அதற்குப் பரிகாரம் நல்ல மணல், நல்ல ஓடுபாதை, படிப்படியான பழக்கம், விவரம் தெரிந்த வாத்தியார். வீட்டில் பூட்டி வைப்பது பரிகாரமல்ல.

இனி, அநுபவம் என்ன சொல்லுகிறது என்று பாருங்கள். 1996 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில் இளையோருக்கான உலகப் பந்தயம் நடந்தது. அதில் பல்கேரிய தேசத்துத் தெரேசா மரினோவா என்ற பெண் மும்முறைத் தாண்டலில் 14.62 மீட்டர் தாண்டினாள். அவளுக்கு இன்னும் 19 வயது நிரம்பவில்லை. கானலி தாண்டியதைவிட 91 சென்டிமீட்டர் அதிகம்! கானலி காலத்துத் தரை வேறு, அவர் தாண்டிய முறையும் சற்று வேறு என்பது உண்மையே. ஆனாலும் உடம்பு தாங்காது என்று சொல்லப்பட்ட இனத்தில் பிறந்த ஒரு சிறு பெண், ஒலிம்பிக்கின் முதல் வீரனுடைய அளவைத் தாண்டிப் போய் விழுந்தாள் என்பதை யாரால் மறுக்க முடியும்? நாலு வருஷம் கழித்து, 2000த்தில், அதே சிட்னியில் 15.20 மீட்டர் தாண்டி ஒலிம்பிக் தங்கமும் வாங்கினாள்.

"தாண்டட்டும், பிள்ளை பிறக்குமா?" என்று கேட்பீர்கள். ஆப்பிரிக்காவில் காமரூன் தேசத்து பிரான்சுவாஸ் எம்பாங்கோ என்ற பெண்மணி 2004இல் இதே தாண்டலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். பிறகு ஒரு குழந்தையைப் பெற்றார். பெற்று எழுந்து 2008இல் 15.39 மீட்டர் தாண்டி மறுபடியும் தங்கம் வாங்கினார். இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

நிற்க, நம்முடைய ஊர்க் கதைக்கு வருவோம். ஆடித்தபசு வந்தால் கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்ததாகச் சொல்லிக் கும்பிடுகிறீர்கள். அம்மனின் கால் வலியைத் தாங்கள் வாங்கிக்கொள்வதாக நம்பி நம் தாய்மார்கள் ஆடிச்சுற்று என்று கோயிலை நூற்றுக்கணக்கான தடவை சுற்றி வருகிறார்கள். அப்பொழுது எந்தப் பெரியவராவது, "அம்மா, கர்ப்பப்பை நகர்ந்துவிடும், உட்கார்" என்று சொன்னதுண்டா? இடுப்பொடிய நாற்று நடும்போது சொன்னதுண்டா? விறகுக் கட்டைத் தலையில் வைத்து மைல் கணக்கில் நடக்கும்போது சொன்னதுண்டா? பிறருக்காக உழைக்கும் வரையில் பெண் உடம்பு இரும்பு. தனக்காக ஒரு தாவு தாவினால் மட்டும் அது கண்ணாடியா?

இன்னொரு கணக்கும் பாருங்கள். இந்தத் தாண்டலில் தமிழ்நாட்டுப் பையன்கள் உலகம் அறியப் பேர் வாங்கியிருக்கிறார்கள். 2018இல் இளையோர் ஒலிம்பிக்கில் பிரவீண் சித்ரவேல் வெண்கலம் வாங்கினார். 2022இல் கொலம்பியா தேசத்தில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகப் பந்தயத்தில், மதுரைப் பக்கத்துச் செல்வப் பிரபு 16.15 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினார். சந்தோஷம்! அவர்களைப் பெற்ற மண்ணில்தான் அவர்களுடைய அக்காள் தங்கைகளும் பிறந்தார்கள். அதே சோறுதான், அதே காற்றுதான். அப்படியிருக்க அந்த வரிசையில் நம் பெண்களின் பெயர் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பெண்களால் முடியாது என்பதற்கில்லை. பக்கத்து மலையாள நாட்டு மயூகா ஜானி 2011இல் 14.11 மீட்டர் தாண்டி, இந்தியப் பெண்களில் முதன் முதல் 14 மீட்டரைக் கடந்தார். 2021இல் நைரோபியில் நடந்த இளையோர் உலகப் பந்தயத்தில், ஜான்சியைச் சேர்ந்த ஷைலி சிங் என்ற 17 வயதுப் பெண் நீளத் தாண்டலில் 6.59 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கினாள். தங்கம் தவறியது ஒரே சென்டிமீட்டரில். அவளுடைய தாயார் தையல் வேலை செய்து தனியாக நின்று பிள்ளைகளை வளர்த்தவர். "பெண்ணுக்கு எதற்கு?" என்று அந்தத் தாய் ஒரு நாள் சொல்லியிருந்தால் அந்த வெள்ளி ஏது?

நம் வீடுகளில் அந்த வார்த்தை எப்பொழுது சொல்லப்படுகிறது? பெண் வயசுக்கு வந்த மறுநாள்! நேற்று வரை பாண்டி ஆடியவள் இன்று குதிக்கக்கூடாது, ஓடக்கூடாது, உரக்கச் சிரிக்கக்கூடாது. கால் எலும்பும் தசையும் முறுக்கேறுகிற அந்த வயதில்தான் அவளைத் திண்ணையை விட்டு உள்ளே தள்ளுகிறோம். தாண்டுகிறவளை உருவாக்கவும் அந்த வயதுதான், முடக்கவும் அந்த வயதுதான்.

கர்ப்பப்பையின் மேல் உண்மையில் அக்கறை உள்ளவர்களுக்கு நாம் ஒன்று சொல்லுகிறோம். நம் நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரத்தசோகை உள்ளவர்கள் என்று சர்க்கார் எடுத்த குடும்பநலக் கணக்கே சொல்லுகிறது. ஆண்பிள்ளைக்கு முட்டையும் பெண்பிள்ளைக்கு மிச்சக் குழம்பும் ஊற்றுகிற வழக்கம் பெண் உடம்பைக் கெடுக்கும். பதினெட்டு நிரம்பும் முன் தாலி கட்டுவது கெடுக்கும். மணல் குழி கெடுக்காது.

ஆகையால் தோழர்களே! நாம் கேட்பது பெரிய காரியமல்ல. பெண் வயசுக்கு வந்தாள் என்பதற்காக விளையாட்டை நிறுத்தாதீர்கள். அண்ணனுக்குப் போடுவதைத் தங்கைக்கும் போடுங்கள். உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்திற்குப் போய், "மணல் குழி இருக்கிறதா? அதில் பெண்கள் தாண்டுகிறார்களா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் நாலு பேர் மண்வெட்டியோடு போய் வெட்டிக் கொடுங்கள். தெப்பத்துக்கும் தேருக்கும் கூடுகிற கைகள் இதற்குக் கூடக்கூடாதா?

தாண்டுகிற பெண் எல்லாரும் தங்கம் வாங்கப் போவதில்லை. ஆனால் தன் காலால் தன் தூரத்தை அளந்து பார்த்த பெண்ணிடம், "உன்னால் ஆகாது" என்று எவனும் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அதற்காகவே அவள் தாண்ட வேண்டும்.