பத்துக்குப் பத்து ரூம்: எதுக்குப் பயப்படணும், எதுக்கு வேண்டாம்?

இந்த வாரம் நம்ம இன்பாக்ஸுக்கு வேலம்பாளையத்துல இருந்து ஒரு வாய்ஸ் நோட் வந்தது. பேசுறவங்க ஒரு பனியன் கம்பெனியில ஜூனியர் மெர்ச்சன்டைசர். சென்னையில ஒரு இன்டர்வியூ, துணைக்கு அம்மாவும் வர்றாங்க. டிஸ்கவுன்ட் சைட் ஒண்ணுல எழும்பூர் பக்கம் ரெண்டு நைட்டுக்கு ரூம் போட்டிருக்காங்க. ஒரு நைட்டுக்கு 799 ரூபா. கேன்சல் பண்ணினா காசு திரும்ப வராது.

காசு கட்டின அப்புறம்தான் கீழே சின்ன எழுத்துல '80 சதுர அடி'ன்னு போட்டிருக்கிறதைப் பார்த்திருக்காங்க. அதுக்கப்புறம் தூக்கம் இல்லை. ராத்திரி முழுக்க ரிவ்யூ படிக்கிறாங்க. 'அக்கா, நான் ஏமாந்துட்டனா? அங்க போய் நின்னா ரூம் குடுப்பாங்களா? அம்மாவக் கூட்டிட்டுப் போறேன், அந்த எடம் சேஃப்தானா?'

இதுல மூணு கேள்வி இருக்கு. மூணும் ஒரே பயம் மாதிரி மனசுக்குள்ள சுத்தும், ஆனா மூணுக்கும் எடை வேற வேற. ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்க்கலாம்.

சின்ன ரூம்னா ஏமாத்து ரூமா?

நம்ம ஊர்ல 'பத்துக்குப் பத்து'ன்னா யாருக்கும் விளக்கம் தேவையில்லை. திருப்பூர்ல லைன் வீட்டுல இருந்தவங்களுக்கு அது ஒரு குடும்பமே வாழ்ற அளவு. தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, வீட்டுல ஆள் வசிக்கிற அறைக்குக் குறைந்தபட்சம் 9.5 சதுர மீட்டர் வேணும்னு சொல்லுது. கணக்குப் போட்டா ஏறக்குறைய 102 சதுர அடி. அதாவது நம்ம பத்துக்குப் பத்தேதான். சுற்றுலா அமைச்சகம் ஹோட்டல்களுக்குக் குடுக்கிற ஸ்டார்ல, ஒரு ஸ்டாருக்கே பாத்ரூம் இல்லாம 120 சதுர அடி வேணும். அஞ்சு ஸ்டாருக்கு 200.

அப்போ 80 சதுர அடிங்கிறது சின்னதுதான், சந்தேகமே இல்லை. ஆனா சின்ன ரூம் இன்னிக்கு நேத்து வந்ததில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள்ல ஒரு கட்டில், ஒரு கொடிக்கயிறு, ஒரு ஸ்டூல் போட்ட ரூம்ல தங்கி வேலை தேடினவங்க எத்தனை பேர்! ஜப்பான்ல 1979ல ஒசாகாவுல முதல் கேப்சூல் ஹோட்டல் திறந்தாங்க. ஆள் படுக்க மட்டுமே இடம் இருக்கிற பெட்டி. மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்துல 2021ல அதே மாதிரி பாட் ஹோட்டல் வந்தது. சிங்கப்பூர்ல ஜன்னலே இல்லாத ரூமை, 'ஜன்னல் கிடையாது'ன்னு எழுதியே விக்கிறாங்க.

அந்த 'எழுதியே'ங்கிற வார்த்தையை மட்டும் பிடிச்சுக்கோங்க. சின்ன ரூமை விக்கிறது தப்பில்லை. சின்ன ரூமைப் பெருசு மாதிரி காட்டி விக்கிறதுதான் தப்பு.

போட்டோவுல எப்படிக் கண்டுபிடிக்கிறது? மூலையில நின்னு வைட் லென்ஸ்ல எடுத்தா குருவிக்கூடு கூட கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். அதனால ரூமைப் பார்க்காதீங்க, தரையைப் பாருங்க. நம்ம ஊர்ல டைல்ஸ் பெரும்பாலும் ரெண்டடிக்கு ரெண்டடி. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு டைல்ஸ்தான் தெரியுதுன்னா, நடக்க ரெண்டடிதான் இடம். பெட்டியை விரிச்சு வைக்க முடியாது. இன்னொண்ணு, சைட்டுல ரூம் பேருக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்டார் எல்லாமே அமைச்சகம் குடுத்த ஸ்டார் இல்லை. சைட்டே போட்ட மதிப்பெண்ணாவும் இருக்கலாம்.

799 எப்படிக் கட்டுப்படியாகுது?

காதர்பேட்டையில எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பனியன் வாங்கினவங்களுக்கு இது சுலபமா புரியும். அங்கே விலை கம்மின்னா ஒரு காரணம் இருக்கும். ஆர்டர் கேன்சல் ஆகியிருக்கும், சைஸ் மிஞ்சியிருக்கும், இல்ல தையல்ல எங்கேயோ ஒரு சின்னக் குறை இருக்கும். ஹோட்டல் ரூமும் அப்படித்தான், ஆனா ஒரு வித்தியாசம். பனியனை அடுத்த மாசம் விக்கலாம். இன்னிக்கு ராத்திரி காலியா போன ரூமை நாளைக்கு விக்க முடியாது. அதனால வந்த விலைக்குத் தள்ளிவிடுறது ஹோட்டல்காரருக்கு நஷ்டத்தைக் குறைக்கிற வழி. விலை கம்மிங்கிறதாலேயே அது மோசடி ஆயிடாது.

சந்தேகப்பட வேண்டியது விலையை இல்லை, அவசரத்தை. 'இந்த விலையில் இன்னும் 1 ரூம் மட்டுமே'ன்னு சிவப்பு எழுத்துல மின்னுமே, அதை. ஐரோப்பாவுல புக்கிங்.காம் நிறுவனம், அந்தக் 'கடைசி ரூம்' கணக்கு எங்க சைட்டுக்கு மட்டும்தான்னு தெளிவா சொல்றோம்னு 2019 டிசம்பர்ல உறுதி குடுத்தாங்க. அதாவது ஹோட்டல்ல வேற ரூமும் காலியா இருக்கலாம். இந்தியாவுல 2023 நவம்பர் 30 அன்னிக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகையான ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியல் போட்டுத் தடை பண்ணினது. பொய்யான அவசரம் காட்டுறது அதுல ஒண்ணு. முதல்ல ஒரு விலை காட்டி, காசு கட்டுற இடத்துல கட்டணம் மேல கட்டணமா ஏத்துறதும் அதுல ஒண்ணு.

வரியையும் சொல்லிடுறேன். 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு நாளைக்கு 7,500 ரூபா வரைக்கும் உள்ள ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 799க்கு ஏறக்குறைய 40 ரூபா. மொத்தம் ஏறக்குறைய 839 வரணும். உங்க பில்லு ஆயிரத்தைத் தாண்டுதுன்னா மிச்சம் வரி இல்லை, வேற ஏதோ கட்டணம். எதுக்குன்னு வரி வரியா பாருங்க.

இன்னொரு விஷயம். 2022 அக்டோபர்ல இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப், ஓயோ ரெண்டு நிறுவனங்களுக்கும் அபராதம் போட்டது. ஒண்ணுக்கு 223 கோடிக்கு மேல, இன்னொண்ணுக்கு 168 கோடிக்கு மேல. அவங்க மேல்முறையீட்டுக்குப் போனாங்க. அந்த உத்தரவுல நமக்குத் தேவையான பகுதி இது: 'எங்க சைட்டுல குடுக்கிற விலையைவிடக் கம்மியா வேற எங்கேயும் குடுக்கக் கூடாது'ன்னு ஹோட்டல்களைக் கட்டிப்போடுற ஒப்பந்த விதியை மேக்மைட்ரிப் மாத்தணும்னு ஆணையம் சொன்னது. அதனால சைட்டுல விலை பார்த்துட்டு, ஹோட்டலுக்கே ஒரு போன் போட்டு 'நேர்ல வந்தா எவ்வளவுங்க?'ன்னு கேளுங்க. சில சமயம் அதே விலைக்கு ஜன்னல் வச்ச ரூமே கிடைக்கும்.

போய் நின்னா ரூம் குடுப்பாங்களா?

நடக்கிற கதைதான். ராத்திரி பதினொரு மணிக்கு ரிசப்ஷன்ல போய் நிப்பீங்க, 'அந்த புக்கிங் எங்களுக்கு வரலைங்க'ன்னு சொல்லுவாங்க. இதுக்கு மருந்து முந்தின நாள் ஒரு போன். சைட்டோட கஸ்டமர் கேருக்கு இல்லை, ஹோட்டலுக்கு. பேர், தேதி, எத்தனை பேர், காசு கட்டியாச்சு, இந்த நாலையும் சொல்லி உறுதி வாங்கிட்டு, அதையே வாட்ஸ்அப்ல ஒரு வரி அனுப்பச் சொல்லுங்க.

அம்மாவும் பொண்ணும் போறதுல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா இதே வாரம் வேற நிறைய பேர் கேட்ட கேள்வி, கல்யாணம் ஆகாத ரெண்டு பேர் தங்கலாமாங்கிறது. இதுக்குப் பதில் நம்ம பக்கத்து ஊர்லயே இருக்கு. 2019 ஜூன்ல கோயம்புத்தூர்ல ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டை அதிகாரிங்க சீல் வச்சாங்க. கல்யாணம் ஆகாத ஜோடி தங்கியிருந்தது, மது பாட்டில் இருந்ததுன்னு காரணம் சொன்னாங்க. கேஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போச்சு. கல்யாணம் ஆகாத வயது வந்த ரெண்டு பேர் ஒரே ரூம்ல தங்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லைன்னு சொல்லி, அந்த வருஷம் டிசம்பர்ல நீதிமன்றம் சீலை எடுக்க உத்தரவு போட்டது.

ஆனா சட்டத்துல குற்றம் இல்லைங்கிறதும், ஹோட்டல்காரர் ரூம் குடுத்தே ஆகணும்ங்கிறதும் ஒண்ணு இல்லை. 2025 ஜனவரியில ஓயோ, மீரட்ல இருக்கிற ஹோட்டல்கள் கல்யாணம் ஆகாத ஜோடிகளை மறுக்கலாம்னு விதியை மாத்தினதைப் பார்த்தோம். அதனால ராத்திரி போய் வாசல்ல சட்டம் பேசுறதைவிடப் பகல்ல போன்ல கேட்டு வச்சுக்கிறது நல்லது.

அடையாளச் சான்றுக்கு ஆதார் கேட்டா, முதல் எட்டு எண் மறைச்சு கடைசி நாலு எண் மட்டும் தெரியற மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்துல இருந்தே டவுன்லோடு பண்ணி வச்சுக்கோங்க. முதல்ல அதை நீட்டுங்க.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது

இதுவரைக்கும் பேசினது எல்லாம் போனா காசு, இல்ல ஒரு ராத்திரித் தூக்கம். இனிமே சொல்றது அப்படி இல்லை.

2019 பிப்ரவரி 12 அதிகாலை, டெல்லி கரோல் பாக்ல அர்பித் பேலஸ் ஹோட்டல்ல தீ பிடிச்சது. 17 பேர் இறந்தாங்க. 2025 ஏப்ரல் 29 ராத்திரி, கொல்கத்தா படாபஜார் பகுதியில ரிதுராஜ் ஹோட்டல்ல தீ. 14 பேர் இறந்தாங்க. இப்படிப்பட்ட விபத்துகள்ல நெருப்பு வந்து தொடுறதுக்கு முன்னாடியே புகை ஆளை மடக்கிடுது. வராண்டா இருட்டாயிடும். படி எந்தப் பக்கம்னு தெரியாது. ஜன்னல் திறக்காது.

அப்போ ரூம் 80 சதுர அடியா 200 சதுர அடியாங்கிறது பெரிய கேள்வியே இல்லை. ஜன்னல் திறக்குமா, படிக்கட்டு திறந்திருக்குமா? இதுதான் கேள்வி. ரூமுக்குள்ள போனதும் ஏசியைப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் ஒதுக்குங்க.

ஜன்னலைத் திறந்து பாருங்க. ஆணி அடிச்சிருந்தாலோ, பலகை வச்சு அடைச்சிருந்தாலோ வேற ரூம் கேளுங்க. உங்க ரூம் கதவுல இருந்து படிக்கட்டு வரைக்கும் நடந்து போய், நடுவுல எத்தனை கதவுன்னு எண்ணுங்க. இருட்டுல கை தடவிப் போகும்போது அந்த எண்ணிக்கைதான் வழி காட்டும். படிக்கட்டுல அட்டைப்பெட்டி, பழைய மெத்தை அடுக்கியிருக்கா, மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கா பாருங்க. பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசர் இருந்து, காத்து போக வழி இல்லைன்னா அதைத் தொடவே தொடாதீங்க. அதுல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. கதவுக்கு உள் தாழ்ப்பாள் ஒழுங்கா விழுதான்னும் பார்த்துக்கோங்க.

அப்போ என்ன பண்றது?

தங்கச்சி, நாளைக்குக் காலையில ஹோட்டலுக்குப் போன் போடுங்க. மூணே கேள்வி. என் புக்கிங் வந்திருக்கா? ரூமுக்குத் திறக்கிற ஜன்னல் இருக்கா? ரெண்டு பேருக்குக் கட்டில் எவ்வளவு அகலம்? மூணுக்கும் நேரடியா பதில் வந்தா நிம்மதியா போங்க. இன்டர்வியூவுக்குப் போறவங்களுக்கு ரூம்ல வேலை குளிக்கிறதும் தூங்குறதும்தான். பதில் மழுப்பலா வந்தா சைட்டுக்கு எழுதுங்க. விளம்பரப் பக்கம், பில்லு, போட்டோ எல்லாத்தையும் இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அப்புறம் பக்கம் மாறிடும். 2020 மின்வணிக விதிகள்படி அவங்க குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள்ள உங்க புகாரைப் பெற்றதா சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். நடக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

போன இடத்துல ஜன்னலும் இல்லை, படிக்கட்டும் அடைச்சிருக்குன்னா, 1,600 ரூபா போச்சேன்னு அங்கேயே படுக்காதீங்க. அந்தக் காசு நீங்க புக் பண்ணின அன்னிக்கே போயாச்சு. அங்கே தங்கினா அது திரும்பி வரப் போறதில்லை. அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு வெளியே வந்துடுங்க. அதுக்குத் தோதா, ரயில் ஏறுறதுக்கு முன்னாடியே பக்கத்துல இன்னொரு லாட்ஜோட நம்பரை எழுதி பர்ஸ்ல வச்சுக்கோங்க.

இன்டர்வியூ நல்லபடியா முடியட்டும். மத்தவங்க உங்க ஊர்ல பார்த்த ரூம்கள்ல எது சின்னதா இருந்தும் நிம்மதியா தூங்க விட்டதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பேசலாம் மக்களே.