இரு கல்வியும் ஒரு மாணவனும்

மாணவச் செல்வங்களே,

கொழும்பு மருதானையில் உள்ள ஸாஹிராக் கல்லூரியை நீங்கள் அறிவீர்கள். 1892-ஆம் ஆண்டில் அது ஒரு மத்ரஸாவாகத் தோன்றியது. அதனைத் தோற்றுவித்த பெருமக்களின் உள்ளத்தில் ஓர் அச்சமும் ஓர் ஆசையும் ஒருங்கே குடிகொண்டிருந்தன.

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வியின் பெரும்பகுதி கிறித்தவச் சபையார் நடத்திய பள்ளிகளிலேயே கிடைத்தது. அங்கே பிள்ளையை அனுப்பினால் மார்க்கம் கைவிட்டுப் போய்விடுமோ என முஸ்லிம் பெற்றோர் பலர் அஞ்சினர். அனுப்பாவிடிலோ, சட்டமும் மருத்துவமும் அரசாங்க உத்தியோகமும் எட்டாக் கனிகளாயின. இவ்விக்கட்டைத் தீர்க்க முன்வந்தவர்களுள் தலையாயவர், 1882-இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய கண்டி வழக்கறிஞர் சித்திலெவ்வை ஆவார். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பெற்று 1883-இல் இலங்கைக்கு வந்த அறபி பாஷா அம்முயற்சிக்குத் துணை நின்றார். ஆங்கிலேயரோடு போரிட்டுத் தோற்றவர், புதிய கல்விக்குக் கை கொடுத்தார். பகைமை வேறு, அறிவு வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்! பின்னர் 1921 முதல் 1948 வரை ரீ. பீ. ஜாயா அவர்களும், 1961 வரை யாழ்ப்பாணத்தில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களும் அதிபர்களாயிருந்து அதனை வளர்த்தனர்.

இன்று பல நாடுகளில் அதே ஆசை புதிய உருவில் எழுந்துள்ளது. கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குரிய பாடங்களோடு குர்ஆனும் அரபு மொழியும் கற்பிக்கும் சர்வதேசப் பள்ளிகள் பெருகியுள்ளன. கேம்பிரிட்ஜ் பரீட்சையிலேயே இஸ்லாமிய சமய அறிவும் ஒரு பாடமாக இடம்பெற்றுள்ளது. நன்று. ஆயினும், நேர அட்டவணையில் இரு பாடங்களை அடுத்தடுத்து எழுதிவிட்டால் இரு கல்வியும் ஒன்றாகிவிடுமா?

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு முஸ்லிம் பாடசாலையில் அட்சரகணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, “சேர், இதனை ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா என்பது ஏன்?” என்று வினவினான். “அது வெறும் பெயர், நீ கணக்கைச் செய்” என்றேன். அவன் விடவில்லை. அடுத்த அறையிலிருந்த மௌலவியிடம் சென்று கேட்டான். அவர் புன்முறுவலுடன் விளக்கினாராம்: “அது ‘அல்-ஜப்ர்’ என்னும் அரபுச் சொல், தம்பி. முறிந்ததைப் பொருத்திச் சீராக்குதல் என்பது பொருள். முறிந்த எலும்பைப் பொருத்துவதற்கும் அச்சொல்லே வழங்கும்.”

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி தம் கணித நூலுக்கு இட்ட பெயரில் இருந்த சொல் அது. சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கழிக்கப்பட்டு நிற்பதை மறுபக்கத்தில் கூட்டி நிறைவு செய்வதையே அவர் அவ்வாறு குறித்தார். அதையேதான் நான் அன்று கரும்பலகையில் செய்துகொண்டிருந்தேன்!

நான் நாணினேன். எங்கள் இரு அறைகளுக்கும் இடையே ஒரு சுவர்தான் இருந்தது. அச்சுவரைத் தாண்டி நான் ஒரு நாளும் சென்றதில்லை, அம்மாணவன் சென்றான். மறுநாள் மௌலவியை என் வகுப்புக்கு அழைத்துவந்து, அந்தச் சொல்லை அவரையே கரும்பலகையில் எழுதச் செய்தேன்.

மாணவர்களே, பள்ளி உங்களுக்கு இரு அறைகளைத் தரலாம். அவற்றுக்கிடையே வாயில் திறப்பது உங்கள் வினாவே. ஆசிரியர் தட்டிக் கழித்தாலும் வினவுங்கள். முறிந்ததைப் பொருத்துவதே கல்வி.