முதுமையும் எலும்பு முறிவும்



எலும்பு என்று சொன்னவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பது பள்ளி ஆய்வுக்கூடத்தில் தொங்கும் எலும்புக்கூடுதான். வெளுத்து, உலர்ந்து, அசைவற்றிருக்கும் அதனைக் கண்டு, எலும்பு என்பது வீட்டுக்குத் தூண் போல உடம்பைத் தாங்கும் உயிரற்ற பொருள் என்று எண்ணிவிடுகிறோம். அது உண்மையன்று. உயிருள்ள உடம்பில் எலும்பும் உயிருள்ளதே. அதனுள் குருதி ஓடுகிறது. பழைய எலும்பை அரித்துக் கரைக்கும் உயிரணுக்கள் ஒருபுறமும், அவ்விடத்தில் புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் மற்றொருபுறமும் இரவு பகலாக வேலை செய்கின்றன. பழைய கட்டடத்தில் பழுதுபட்ட செங்கல்லைப் பெயர்த்தெடுத்துப் புதிய செங்கல்லை வைத்துப் பூசும் கொத்தர்களுக்கு அவற்றை ஒப்பிடலாம்.

இளமையில் கட்டும் வேலை மிகுதி. கரைக்கும் வேலை குறைவு. ஆகவே எலும்பு நீண்டு, பருத்து, உறுதி பெறுகிறது. இருபது வயதை எட்டும்பொழுது, நம் வாழ்நாள் முழுமைக்கும் வேண்டிய எலும்பின் பெரும்பகுதி சேர்ந்துவிடுகிறது. நடுவயதில் வரவும் செலவும் ஏறக்குறையச் சமமாக நிற்கின்றன. பின்னர்ச் செலவு மிஞ்சுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு, எலும்பைக் காத்துவந்த ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைந்துவிடுவதால், அந்தச் செலவு சில ஆண்டுகளுக்கு மிக விரைவாக நடைபெறுகிறது. எலும்பின் உட்புறத்துச் சிறு சட்டங்கள் மெலிந்து, அறுந்து, இடையிடையே புரைகள் விழுகின்றன. இதனையே எலும்புப்புரை நோய் என்கிறோம்.

இந்நோயின் பெருங்கொடுமை, அது ஓசையின்றி வருவதாகும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, முகவாட்டமும் இல்லை. நின்ற நிலையிலிருந்து ஒருவர் கால் இடறித் தரையில் விழுகிறார். இளைஞர் என்றால் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். எலும்பு புரையோடிய முதியவருக்கோ மணிக்கட்டு முறிகிறது. அல்லது இடுப்பு எலும்பு முறிகிறது. முதுகெலும்பு முறிவதற்கு விழுதல்கூட வேண்டியதில்லை. குனிந்து ஒரு குடத்தைத் தூக்கினாலே போதும். உலகத்தில் ஐம்பது வயதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் எஞ்சிய வாழ்நாளில் இத்தகைய முறிவு நேரும் என்பது அறிஞர்கள் கண்ட கணக்கு. இவற்றுள் மிகக் கொடியது இடுப்பு எலும்பு முறிவு. அது நேர்ந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாட்டுப் பதிவுகள் கூறுகின்றன. பிழைத்தவர்களிலும் பலர் முன்போல் தாமே நடந்து, தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் நிலையை மீண்டும் அடைவதில்லை.

“முதுமை வந்தால் எலும்பு முறியத்தானே செய்யும்? இதற்கு என்ன செய்வது?” என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வியில்தான் குறையின் வேர் இருக்கிறது. மருத்துவத்தில் வழி இல்லாமற் போகவில்லை. 1994ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு, எலும்பின் அடர்த்தியை அளந்து இந்நோயை வரையறுக்கும் முறையை வகுத்தது. முன்பே முதுகெலும்பு முறிந்திருந்த பெண்களிடம் அலென்ட்ரோனேட் என்னும் மருந்தைச் சோதித்த பெரிய ஆராய்ச்சி ஒன்று 1996ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருந்து உண்டவர்களுக்கு முதுகெலும்பில் புதிய முறிவுகளும் இடுப்பு முறிவுகளும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை அது காட்டியது. அளவுகோல் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அவ்விரண்டும் உரியவரிடம் போய்ச் சேருவதில்லை என்பதே துயரம்.

ஏன் சேருவதில்லை? ஒரு மூதாட்டி மணிக்கட்டை முறித்துக்கொண்டு மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எலும்பு மருத்துவர் செவ்வனே மாவுக்கட்டுப் போட்டு அனுப்புகிறார். கட்டுப் பிரித்ததும் அவர் கடமை முடிந்தது. இவ்வளவு சிறிய விழுக்காட்டில் இக்கை ஏன் முறிந்தது என்று கேட்பவர் யார்? அது குடும்ப மருத்துவர் வேலை என்று அவர் எண்ணுகிறார். குடும்ப மருத்துவரோ எலும்பைப் பார்த்தவர் அதனையும் பார்த்திருப்பார் என்று எண்ணுகிறார். இருவருக்கும் நடுவில் மூதாட்டி கைவிடப்படுகிறார். ஒருமுறை எலும்பு முறிந்தவருக்கு மறுமுறை முறியும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. இடுப்பு முறிந்து வருகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதற்கு முன்பே வேறோர் எலும்பை முறித்துக்கொண்டவர்கள். முதல் முறிவு ஓர் எச்சரிக்கை மணி. அம்மணி அடித்தும் நாம் கேளாதிருக்கிறோம்.

இக்குறையைத் தீர்க்க ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரத்தார் 1999ஆம் ஆண்டில் ஓர் எளிய வழி கண்டனர். முறிவோடு வரும் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்து, எலும்பைச் சோதித்து, வேண்டியவர்க்கு மருந்துக்கு ஏற்பாடு செய்வதையே தனிப்பணியாக ஒரு செவிலியரிடம் ஒப்படைத்தனர். யாருடைய வேலை என்று தெரியாமல் கிடந்த வேலைக்கு ஓர் ஆள் கிடைத்தார்; அவ்வளவுதான். முறிவுத் தொடர்பகம் எனத் தக்க இவ்வமைப்பு பிற நாடுகளுக்கும் பரவியது. இதனை உலகெங்கும் வளர்க்கப் பன்னாட்டு எலும்புப்புரை நிறுவனம் 2012ஆம் ஆண்டில் ஓர் இயக்கமே தொடங்கிற்று.

இனி நாம் வாழும் ஆசியாவை நோக்குவோம். இந்தியா, சீனா, ஜப்பான், கொரியா, தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், தைவான், ஹாங்காங் ஆகிய ஒன்பது இடங்களைச் சேர்ந்த அறிஞர்கள் 2018ஆம் ஆண்டில் ஒரு கணக்கினை வெளியிட்டார்கள். அவ்வாண்டில் இவ்விடங்களில் நிகழும் இடுப்பு முறிவுகள் 11 இலட்சத்துக்கு மேல் என்றும், 2050ஆம் ஆண்டில் அவை 25 இலட்சத்தைத் தாண்டும் என்றும் அவர்கள் மதிப்பிட்டனர். ஆயுள் நீண்டது மருத்துவத்தின் வெற்றி. அந்த வெற்றியே நமக்கு இந்தப் புதிய கடமையைக் கொண்டுவந்திருக்கிறது.

இக்கடமையை ஒவ்வொரு நாடும் தனித்தனியே செய்ய முயன்றதன் விளைவு என்ன? வழிகாட்டி நூல்கள் பல எழுந்தன. ஆனால் அவை ஒன்றோடொன்று ஒத்திருக்கவில்லை. யாரைச் சோதிப்பது, எப்போது மருந்து தொடங்குவது, எவ்வளவு காலம் கொடுப்பது என்பவற்றிலெல்லாம் வேறுபாடு. இந்நிலையை மாற்றுவதற்காக 2019ஆம் ஆண்டில் ஆசிய பசிபிக் எலும்புப்புரைக் கூட்டமைப்பு தோன்றியது. சிங்கப்பூர் மருத்துவர் மஞ்சு சந்திரன் அதன் தலைவராக அமைந்தார். பல நாட்டு அறிஞர்கள் ஒன்றுகூடி, இப்பகுதியில் வழங்கிய 18 வழிகாட்டி நூல்களை அருகருகே வைத்து ஒப்பிட்டனர். பிறகு, கேள்விகளை அனுப்பி, விடைகளைத் தொகுத்து, மீண்டும் அனுப்பிக் கருத்தொற்றுமை காணும் முறையில் நான்கு சுற்றுகள் ஆராய்ந்தனர். அதன் பயனாக 16 குறைந்த அளவு நெறிகள் 2021ஆம் ஆண்டில் வெளிவந்தன.

அவற்றுள் முதல் நெறி நாம் முன்பு கண்ட மூதாட்டியைப் பற்றியதே. சிறு விழுக்காட்டில் எலும்பு முறிந்து வரும் ஆண் பெண் எவராயினும், அவரைத் தேடிக் கண்டு, எலும்பின் வலிமையையும் மீண்டும் விழும் வாய்ப்பையும் சோதிக்கவேண்டும் என்பது அது. எலும்பைக் கரைக்கவல்ல ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை நெடுநாள் உண்பவர்களைக் கவனித்தல், நோயாளிக்கு அவர் நிலையை விளக்கிக் கூறுதல், சிகிச்சையை நெடுங்காலத் திட்டமாக வகுத்தல் ஆகியவை மற்றும் சில.

இங்கு ஒரு தடை எழுப்பலாம். ஜப்பான் போன்ற செல்வ நாட்டுக்கும், எலும்பின் அடர்த்தியை அளக்கும் கருவி பெருநகரங்களைத் தாண்டி எளிதில் கிடைக்காத நாட்டுக்கும் ஒரே சட்டம் பொருந்துமா? நியாயமான கேள்விதான். ஆனால் இந்நெறிகள் சட்டமல்ல, கீழ்ப்படிகள். ஒவ்வொரு நாடும் தன் ஆற்றலுக்கேற்ப அவற்றின்மேல் உயர்ந்து செல்லலாம்; அவற்றுக்குக் கீழே மட்டும் இறங்கலாகாது. முறிவோடு வந்தவரிடம் “ஏன் முறிந்தது?” என்று கேட்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை.

பல நாடுகள் கூடினால் எளியவருக்கும் உதவும் கருவியை உருவாக்கமுடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எட்டு ஆசிய நாடுகளையும் நிலப்பகுதிகளையும் சேர்ந்த 860 பெண்களை ஆராய்ந்து, 2001ஆம் ஆண்டில் ஒரு சிறு கணக்கை அறிஞர்கள் வெளியிட்டனர். மாதவிடாய் நின்ற ஆசியப் பெண்களுக்கு உரியது அது. கிலோவில் உள்ள எடையிலிருந்து வயதைக் கழித்து, வந்த விடையை 0.2ஆல் பெருக்கவேண்டும். எழுபது வயதும் 45 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கழித்தால் கழித்தல் 25; பெருக்கினால் கழித்தல் 5. விடை கழித்தல் 4-க்கும் கீழே இறங்கினால் ஆபத்து மிகுதி என்று பொருள். இது நோயை உறுதிப்படுத்தாது. யாரை முதலில் சோதிக்கவேண்டும் என்று சுட்டிக்காட்டும். கருவி அரிதாக உள்ள இடத்தில் அதுவே பெரிய உதவி. ஐந்தாம் வகுப்பு மாணவனும் போடக்கூடிய இக்கணக்கு, எட்டு இடத்து அறிஞர்கள் தங்கள் ஏடுகளை ஒன்றாக விரித்து வைத்ததனால் கிடைத்தது.

மாணவர்களே! முதியோர் நோயைப் பற்றி இளையோராகிய உங்களிடம் ஏன் பேசுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இரண்டு. உங்கள் உடம்பில் எலும்புச் சேமிப்பு நடக்கும் காலம் இதுவே. பால், தயிர், கேழ்வரகு, கீரை, முள்ளோடு உண்ணும் சிறுமீன் ஆகியவை சுண்ணாம்புச் சத்தைத் தருகின்றன. வெயில் படும் தோல் வைட்டமின் டி சத்தை உண்டாக்குகிறது. ஓட்டமும் பாய்ச்சலும் விளையாட்டும் எலும்பை உறுதிப்படுத்துகின்றன. புகைத்தல் அதனை அரிக்கிறது. இப்போது சேர்க்காததை அறுபதில் சேர்க்க இயலாது.

மற்றொரு காரணம், உங்கள் வீட்டில் பாட்டியும் தாத்தாவும் இருப்பார்கள் என்பது. வழுக்கும் குளியலறை, இருண்ட படிக்கட்டு, காலில் தடுக்கும் கயிறு இவற்றைச் சரிசெய்ய உங்கள் கைகளே போதும். அவர்களுள் எவருக்கேனும் முன்பு எலும்பு முறிந்திருந்தால், “அது ஏன் முறிந்தது என்று யாராவது பார்த்தார்களா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். பல நாட்டு அறிஞர்கள் கூடி வகுத்த நெறிகளின் சாரம் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. அதை மருத்துவமனையில் ஒருவரும் கேட்க மறந்தாலும், வீட்டில் ஒருவராவது கேட்டுவிட்டால், இரண்டாவது முறிவைத் தடுக்கும் வழி திறந்துவிடும்.